பெயரில்லாத சிவப்புத் துண்டு: ஒரே விற்பனையாளரிடம் வாங்கிய இரு ஜீன்ஸ்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

கடந்த பொங்கலுக்கு முந்தைய வாரம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு இரண்டு ஜீன்ஸ்கள் அடங்கிய ஒரு பொட்டலம் வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன், பண்டிகைத் தள்ளுபடியில், ஒரே இணையச் சந்தையில், ஒரே விற்பனையாளரிடமிருந்து, ஒன்று 1,299 ரூபாய் வீதம் அவற்றை வாங்கியிருந்தான். இரண்டிலும் லீவைஸ் பெயர் இருந்தது. இரண்டுமே இடுப்பு 32, நீளம் 34. கால்சட்டையின் வடிவத்தைக் குறிக்கும் வெட்டு எண் 511. விற்பனைப் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே விவரம்தான் தரப்பட்டிருந்தது: நூறு சதவீதப் பருத்தி, 12 அவுன்ஸ் துணி, அசல் தயாரிப்பு.

பொட்டலத்தைப் பிரித்த அரை மணி நேரத்துக்குள் வீட்டில் தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது. ஒரு ஜீன்ஸின் பின்பாக்கெட்டு ஓரத்தில் தைத்திருந்த சிவப்புத் துணித்துண்டில் நிறுவனத்தின் பெயர் வெள்ளை எழுத்தில் தெளிவாக இருந்தது. மற்றொன்றின் சிவப்புத் துண்டில் பெயரே இல்லை. பதிவு பெற்ற வணிகக் குறி என்பதைக் காட்டும், வட்டத்துக்குள் அடங்கிய ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது. பெயர் இருப்பது ஒரிஜினல், இல்லாதது டூப்ளிகேட் என்று அக்கா சொல்லிவிட்டார். பையனின் நண்பர்களும் அதையே உறுதிப்படுத்தினார்கள். எனவே பெயருள்ளதைத் திருப்பாதிரிப்புலியூரில் வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் தையற்காரரிடம் உயரம் குறைக்கக் கொடுத்துவிட்டு, பெயரில்லாததைத் திருப்பி அனுப்புவதற்காக அவன் எடுத்து வைத்தான். திருப்பி அனுப்ப ஏழு நாள் அவகாசம் இருந்தது.

இந்த விஷயம் என்னிடம் வந்ததற்குக் காரணம் அந்தத் தையற்காரர்தான். வெட்டி மடித்துத் தைத்து முடித்தபின், “இது ஜீன்ஸ் துணி மாதிரி ஊசியைத் தடுக்கவே இல்லையே தம்பி, சட்டைத் துணி மாதிரி ஓடிடுச்சு” என்று அவர் பையனிடம் சொல்லியிருக்கிறார். ஜீன்ஸ் துணியான கெட்டி டெனிமைக் காலடியில் மடித்துத் தைக்கும்போது, பக்கத் தையல் வரும் இடத்தில் ஏழெட்டு அடுக்குத் துணி சேர்ந்துகொள்ளும். அந்த இடத்தில் சாதாரணத் தையல் இயந்திரம் திணறும். பெரிய எண் ஊசி போட்டு, சக்கரத்தைக் கையால் திருப்பித்தான் பலர் கடக்கிறார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான ஜீன்ஸ்களுக்குக் கால் வெட்டும் ஒருவரின் கை அப்படிச் சொன்னால், அதை ஒரு சான்றாகவே கொள்ள வேண்டும். திருப்பூரில் துணிப் பரிசோதனைக் கூடமொன்றில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அது போதுமான காரணமாக இருந்தது. வெட்டிய துண்டுகளைத் தூக்கி எறியாமல் வாங்கி வரும்படி பையனிடம் சொன்னேன்.

பெயருள்ளதை முதல் ஜீன்ஸ் என்றும், பெயரில்லாததை இரண்டாவது ஜீன்ஸ் என்றும் கீழே குறிப்பிடுகிறேன். ஒப்பிடுவதற்கு, நான்கு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் அந்த நிறுவனத்தின் சொந்தக் கடையில் நான் வாங்கிய, அதே வெட்டும் அதே அளவும் கொண்ட என் ஜீன்ஸைப் பயன்படுத்தினேன். ஒப்பிடுவதற்கு ஐயத்துக்கு இடமில்லாத ஒரு பொருள் கையில் இல்லாமல் இத்தகைய ஆய்வில் இறங்குவது வீண் வேலை.

முதலில் அந்தச் சிவப்புத் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடும்பத்தின் முடிவு முழுவதும் அதன் மேல்தான் நின்றது. லீவைஸ் நிறுவனம் அந்தத் துண்டைப் பின்பாக்கெட்டில் தைக்கத் தொடங்கியது 1936இல். தூரத்திலிருந்து பார்த்தாலும் தன் தயாரிப்பு அடையாளம் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். பிற்காலத்தில், துண்டில் எழுதியிருக்கும் பெயர் மட்டுமன்றி, பாக்கெட்டின் அந்த ஓரத்தில் துருத்தி நிற்கும் துணித்துண்டே தன் வணிகக் குறி என்ற உரிமையைக் காத்துக்கொள்வதற்காக, தயாரிப்பில் ஒரு பகுதியை, ஏறத்தாழப் பத்துக்கு ஒன்றை, பெயரில்லாமல் பதிவுக் குறி மட்டும் இட்டு அந்நிறுவனம் வெளியிடுகிறது. ஆகவே பெயரில்லாத துண்டு போலிக்கான அடையாளம் அன்று. போலி செய்பவர் பெயரைத் தவறாமல் பொறிப்பார். வாங்குபவர் தேடுவது அதைத்தான் என்பது அவருக்குத் தெரியும்.

இடுப்புப் பட்டையின் பின்புறம் ஒட்டித் தைத்திருக்கும் சதுரப் பட்டையும் இதே வகையான குழப்பத்தைத் தந்தது. இரண்டு குதிரைகள் எதிரெதிராக இழுத்தும் கிழியாத கால்சட்டை என்ற படம் 1886 முதல் அந்த நிறுவனத்தின் அடையாளமாக இருந்து வருகிறது. முதல் ஜீன்ஸில் அந்தப் படம் தடித்த தோலில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இரண்டாவதில் தாள் போன்ற ஒன்றில் அச்சிட்டிருந்தது. தோல் உயர்ந்தது, தாள் மட்டம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 1950களிலிருந்தே அந்நிறுவனம் தன் பெரும்பாலான தயாரிப்புகளில் தோல் போலத் தோன்றும் தடித்த தாளைத்தான் பயன்படுத்துகிறது. என்னுடையதிலும் தாள்தான், நான்கு ஆண்டுத் துவைப்பில் சுருங்கி, ஓரம் சுருண்டு கிடக்கிறது.

மூன்றாவதாக அக்கா ஒரு சோதனை செய்து காட்டினார். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் இரண்டையும் தேய்த்தார். இரண்டாவது ஜீன்ஸ் தேய்த்த இடம் நன்றாக நீலமானது. முதலாவது கொஞ்சம்தான் விட்டது. “சாயம் போறதைப் பாருடா, இதையா ஒரிஜினல்னு சொல்றே?” என்று என்னிடம் கேட்டார். பட்டுப்புடவைக்கும் சுங்குடிக்கும் இந்தச் சோதனை நியாயமானது. ஆழ்ந்த நிறம் கொண்ட டெனிமுக்கு இது தலைகீழாகத்தான் வேலை செய்யும். காரணம், டெனிமுக்கு நீலம் ஏற்றும் இண்டிகோ நீரில் கரையாத சாயம். அதை வேதிப்பொருள் சேர்த்து நிறம் மாறிய கரையும் நிலைக்குக் கொண்டுவந்து, துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை அதில் சில நொடிகள் முக்கி எடுத்துக் காற்றில் காட்டினால், காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகி நூலின் மேல் தங்கிவிடும். இப்படிப் பலமுறை முக்கி எடுத்து நிறத்தை ஏற்றுவார்கள். சாயம் நூலின் உள்ளே முழுவதும் செல்வதில்லை, மேல்வளையத்தில்தான் நிற்கும், நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். உரசினால் உதிர்வதும், முழங்காலிலும் தொடையிலும் வெளுத்து அணிபவரின் உடல்வாகுக்கேற்பக் கோடுகள் விழுவதும் இதனால்தான். உரசலில் சாயம் விடும் அளவை 1 முதல் 5 வரை மதிப்பிடும் பரிசோதனைக் கூடங்களில், துவைக்காத அடர்நீல டெனிம் ஈர உரசலில் ஒன்றோ இரண்டோ வாங்குவது சாதாரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவுரி பயிரிட்டு நீலம் எடுத்த நிலம் இது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி விளைகிறது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து நீலம் ஏற்றிய, கினே எனப்பட்ட துணி பிரெஞ்சு வணிகர்கள் வழியாக செனகலுக்குப் போய், அங்கே பிசின் வணிகத்தில் கிட்டத்தட்டப் பணமாகவே புழங்கியது. அதைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் நெய்து அனுப்பிய துணியை அங்கே வாங்குவோர் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. லேபிள் படிக்காமலே துணியைக் கையில் எடுத்து நம் ஊர்ச் சரக்கை அவர்கள் இனம் கண்டிருக்கிறார்கள். அதை நெய்தவர்களின் பேரன் பேத்திகளான நாம் சிவப்புத் துண்டில் எழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெளித்தோற்றத்தை ஒதுக்கிவிட்டு ஜீன்ஸ்களை உட்புறமாகத் திருப்பினேன். போலி செய்பவர் எங்கே பணம் செலவழிப்பார் என்று யோசித்தால் ஆய்வின் திசை தானாகவே தெரிந்துவிடும். விற்பனைப் பக்கத்துப் படத்தில் தெரியும் இடங்களுக்கு, அதாவது பட்டை, சிவப்புத் துண்டு, பின்பாக்கெட்டின் வளைவுத் தையல், பாக்கெட்டு முனையை இறுக்கும் உலோக ஆணியான ரிவெட்டின் முகம் ஆகியவற்றுக்கு அவர் செலவழிப்பார். படத்தில் தெரியாத உட்பக்கத்திலும் துணியிலும் மிச்சம் பிடிப்பார். லேபிளில் எழுத்துப்பிழை தேடுவது பழைய காலத்து வழி. அசல் லேபிளைப் படமெடுத்து அப்படியே அச்சிடும் இன்றைய நிலையில் பிழை இருக்காது. முதல் ஜீன்ஸின் லேபிளிலும் ஒரு பிழைகூட இல்லை.

ஆனால் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இடது பக்க உள்தையலில் வைத்துத் தைத்த லேபிளில் ஒரு நீண்ட எண் இருக்கும். ஜீன்ஸின் வெட்டு எண் அதற்குள் அடங்கியிருக்கும். என்னுடையதிலும் இரண்டாவதிலும் பட்டையில் 511 என்றும், லேபிளின் நீண்ட எண்ணுக்குள்ளும் 511 என்றும் இருந்தது. முதல் ஜீன்ஸின் பட்டையில் 511, லேபிளுக்குள் 513. இடுப்புப் பட்டனின் பின்பக்கத்தில் பல தயாரிப்புகளில் ஒரு குறியீடு பொறித்திருக்கும். அது லேபிளிலும் வருவது வழக்கம். என்னுடையதிலும் இரண்டாவதிலும் அவை பொருந்தின. முதலாவதன் பட்டனின் பின்பக்கம் வழவழப்பாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஜிப்பையும் ரிவெட்டையும் பார்த்தேன். அவற்றில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. இன்று ஜிப்பில் எந்தப் பெயரையும் பொறித்து வாங்க முடியும் என்பதால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. ரிவெட்டைப் பொறுத்தவரை, பாக்கெட்டு முனையைச் செம்பு ஆணியால் இறுக்கும் முறைக்கு ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரரும் லீவை ஸ்ட்ராஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை பெற்றார்கள். அது காலாவதியானபின் யார் வேண்டுமானாலும் ரிவெட் அடிக்கலாம் என்றாகி ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆகிவிட்டது.

அடுத்தது எடை. மூன்றையும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். என்னுடையது 651 கிராம், இரண்டாவது 668 கிராம், முதலாவது, வெட்டிய கால் துண்டுகளையும் சேர்த்தே, 540 கிராம். ஒரே வெட்டு, ஒரே அளவு கொண்ட ஜீன்ஸ்களில் நூறு கிராமுக்கு மேல் குறைவது பட்டனாலும் பாக்கெட்டுத் துணியாலும் வரக்கூடிய வேறுபாடு அன்று. டெனிமின் கனத்தைச் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வது வழக்கம். சதுர கெஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33.9 கிராம். வெட்டிய துண்டின் மடிப்பைப் பிரித்து, தையல் இல்லாத இடமாகப் பார்த்து, 5 செ.மீ.க்கு 20 செ.மீ. அளவில் நேராக வெட்டினேன். அதன் பரப்பு சரியாக 100 சதுர செ.மீ. என்பதால், அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் எடை கிடைத்துவிடும். இந்தச் சிறு எடையைச் சமையலறைத் தராசு காட்டாது. லாரன்ஸ் ரோட்டில் தெரிந்த நகைக்கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் சிரித்தபடியே நிறுத்துக் கொடுத்தார். 3.1 கிராம், அதாவது சதுர மீட்டருக்கு 310 கிராம், அவுன்ஸ் கணக்கில் ஒன்பதுக்குச் சற்று மேல். விற்பனைப் பக்கம் சொன்னது 12.

மெல்லிய துணி என்பதே குற்றம் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு ஒன்பது அவுன்ஸ் டெனிம் பதினான்கு அவுன்ஸைவிட உகந்தது. பெரிய நிறுவனங்களே கோடைக்கென மெல்லிய டெனிம் விற்கின்றன. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதுதான் இங்கே குறை.

துணியின் உள்ளே இன்னும் கொஞ்சம் சென்று பார்த்தேன். டெனிமில் பாவு நூல் நீலமாகவும், அதற்குக் குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவும் இருக்கும். ஒரு ஊடைக்கு மேலே மூன்று பாவு வருமாறு சாய்வாக நெய்வதால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உட்பக்கம் வெளிறியும் தெரிகிறது. முதல் ஜீன்ஸின் துண்டிலிருந்து இரண்டையும் தனித்தனியே உருவி எடுத்தேன். இரண்டாவது ஜீன்ஸ் அப்போது வெட்டப்படவில்லை என்பதால், அதன் உள்தையல் ஓரத்தில் பிசிறாக நீண்டிருந்த நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாவு நூலைக் குறுக்கே வெட்டிப் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தபோது, இரண்டாவதில் வெள்ளை நடுவும் அதைச் சுற்றி நீல வளையமும் தெரிந்தன. முதலாவதில் குறுக்குவெட்டு முழுவதும் நீலமாக இருந்தது. சாயம் ஏன் கைக்குட்டையில் குறைவாக ஒட்டியது என்பதற்கும், இந்த ஜீன்ஸ் எத்தனை முறை துவைத்தாலும் அழகாக வெளுக்காமல் மொத்தமாக மங்கிப் போகும் என்பதற்கும் இதுவே விளக்கம்.

ஊடை நூலைத் தீயில் காட்டியதும் விஷயம் இன்னும் தெளிவானது. பருத்தி நூல் காகிதம் போல எரிந்து, விரலால் தொட்டால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான கரும் மணியாக நிற்கும். நூறு சதவீதப் பருத்தி என்று லேபிளிலேயே அச்சிட்டிருந்த முதல் ஜீன்ஸின் ஊடை நூல் நுனியில் அந்த மணி உருவானது. மூன்று இடங்களிலிருந்து எடுத்த நூல்களிலும் அதே விளைவு. இரண்டாவது ஜீன்ஸின் லேபிள் 99 சதவீதம் பருத்தி, 1 சதவீதம் எலாஸ்டேன் என்று நேர்மையாகச் சொன்னது. அதன் ஊடை நூலை இழுத்தபோது உள்ளே மயிரிழை போன்ற, ரப்பர் போல நீளும் இழை இருந்தது. ஆகவே அதுவும் விற்பனைப் பக்கம் சொன்ன நூறு சதவீதப் பருத்தி அன்று. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னது லேபிள் இல்லை, விற்பனையாளர்.

தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாவதில் நெருக்கம் சீராக இல்லை, உட்புறத்தில் ஓவர்லாக் நூல் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அசலிலும் இத்தகைய குறைகள் வருவதுண்டு. இதைவிட முக்கியமானது துவைத்தபின் தெரிந்தது. சாய்வாக நெய்த துணி, நெய்து முடித்தபின் ஆலையில் சாய்வைச் சரிக்கட்டி முடிக்கப்படாவிட்டால், துவைக்கத் துவைக்கத் தன் சாய்வின் வழியே திரும்பும். பையன் மூன்று முறை துவைத்து அணிந்த முதல் ஜீன்ஸில், வலது காலின் பக்கத் தையல் கணுக்காலருகே நான்கு செ.மீ. அளவுக்கு முன்பக்கம் நகர்ந்திருந்தது. என் ஜீன்ஸில் நான்கு ஆண்டுகளில் நகர்ந்தது ஒரு செ.மீ.கூட இல்லை.

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் இதே பெயர்கள் தாங்கிய ஜீன்ஸ்கள் நடைபாதையில் குவிந்து கிடக்கும். கேட்டால், விற்பவரே ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று ஒளிவுமறைவின்றிச் சொல்வார். அங்கே வாங்குபவர் ஏமாறுவதில்லை. உட்புறம் திருப்பி, துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார். அதே தரத்துச் சரக்கை, தொட்டுப் பார்க்க வழியில்லாத திரையில், ‘அசல்’ என்ற சொல்லோடு மூன்று மடங்கு விலைக்கு விற்பதில்தான் தவறு இருக்கிறது. இந்த விற்பனையாளர் ஒரே பொட்டலத்தில் அசலையும் மற்றதையும் கலந்து அனுப்பியது தற்செயலா, ஏற்பாடா என்பது என் ஆய்வுக்கு எட்டாதது. பாலில் நீர் கலப்பவர் பாலையும் விற்கத்தானே வேண்டும் என்று மட்டும் தையற்காரர் சொன்னார்.

இனி முடிவு. இரண்டாவது ஜீன்ஸ், நான் பார்த்த எல்லாக் கூறுகளிலும் நிறுவனக் கடையில் வாங்கியதோடு ஒத்துப்போனது. முதலாவது, எண்களிலும் எடையிலும் நூலிலும் சாயம் ஏறிய விதத்திலும் அதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு பொருளை அசல் என்றோ போலி என்றோ இறுதியாகச் சொல்லும் உரிமை அந்த வணிகக் குறியின் உடைமையாளருக்கே உண்டு என்பதால், முதல் ஜீன்ஸைக் குறிக்க ‘போலி’ என்ற சொல்லை நான் பயன்படுத்தவில்லை. இது வெறும் அடக்கம் இல்லை. புகார் எழுதும்போது இதனால் பயனும் இருந்தது.

பையன் முதலில் எழுதிய புகாரில் “டூப்ளிகேட் அனுப்பி ஏமாற்றிவிட்டீர்கள்” என்று மட்டும் இருந்தது. உயரம் குறைத்துத் தைத்த பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள, போலியான பொருளை மட்டுமன்றி, விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளையும் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது; புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். எனவே இரண்டாவது புகாரை வேறு விதமாக எழுதினோம். விற்பனைப் பக்கத்தின் படம், அதில் 12 அவுன்ஸ் என்று இருப்பது, தராசில் 3.1 கிராம் காட்டும் துண்டின் படம், நூறு சதவீதப் பருத்தி என்ற லேபிள், எரித்த நூல் நுனியின் படம், பட்டையிலும் லேபிளிலும் பொருந்தாத எண்கள் ஆகியவற்றை இணைத்து, பொருள் விவரித்தபடி இல்லை என்று மட்டும் எழுதினோம். திருப்பி அனுப்பும் வாய்ப்பை இழக்கக் காரணமான அதே வெட்டிய துண்டுதான் இப்போது முதன்மைச் சான்றாக நின்றது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகாரைப் பதிந்தோம். தேவைப்பட்டால், நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதால், கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் ஆயத்தமாக இருந்தோம். அது தேவைப்படவில்லை. இருபத்து மூன்றாம் நாள் 1,299 ரூபாய் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது. ஜீன்ஸை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. விற்பனைப் பக்கம் அதே படத்தோடு, அதே 12 அவுன்ஸ் என்ற சொல்லோடு இன்னும் இருக்கிறது.

இரண்டாவது ஜீன்ஸையும் அதே தையற்காரரிடம் கொடுத்து உயரம் குறைத்தோம். அதன் துண்டிலும் 100 சதுர செ.மீ. வெட்டி நிறுத்தபோது 4 கிராம், அதாவது ஏறத்தாழ 12 அவுன்ஸ் கணக்கு, இருந்தது. ஊசி ஒன்று உடைந்துவிட்டது என்று தையற்காரர் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார். அக்கா மட்டும் இன்னும் ஒப்பவில்லை. பெயர் போடாத ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு உறவினர் கல்யாணத்துக்கு வரக் கூடாது என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.